மலேரியாவும் மகாவலிக் கரையும்: நான்கு தவறான எண்ணங்களுக்கு ஒரு மறுப்பு

மாசி மாதத்து வெயிலில் பேராதனை வளாகத்தின் அக்பர் பாலத்தில் நின்று கீழே நோக்குவோர் இரண்டு மகாவலிகளைக் காணலாம். ஒன்று, நடுவே ஒடுங்கி ஓடும் ஆறு. மற்றையது, ஆறு விலகிச் சென்றபின் பாறை இடுக்குகளிலும் மணற் பள்ளங்களிலும் தங்கிவிட்ட சிறு நீர்க்குட்டைகளின் கூட்டம். முதலாவதைப் பற்றிக் கவிதை எழுதியவர்கள் நம்மிடையே பலர் உளர். இரண்டாவதைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. ஆயினும் இலங்கையின் வரலாற்றிற் பல்லாயிரம் உயிர்களின் வாழ்வையும் சாவையும் தீர்மானித்தது இந்த இரண்டாவது மகாவலியும், அதைப் போன்ற குட்டைகளைக் கொண்ட ஏனைய ஆறுகளுமே என்பது மறக்கத்தக்கதன்று.

2016 ஆம் ஆண்டு செப்டெம்பர் 5 ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரிற் கண்டறியப்பட்டிருந்தார். இது சிறிய சாதனையன்று. ஆனால் அச்சான்றிதழ் நம்மிடையே ஒரு மனநிலையையும் வளர்த்துவிட்டது. மலேரியா என்பது பாட்டன் காலத்துக் கதை, அதனைப் பற்றிப் பேசுவது காலத்துக்கு ஒவ்வாதது என்பதே அம்மனநிலை. இதற்குப் பின்னால் நான்கு தவறான எண்ணங்கள் உள்ளன. அவை படியாதவரிடத்து மட்டுமன்றிப் படித்தவரிடத்தும், விரிவுரை மண்டபங்களிலும் அலுவலகங்களிலும் நிலவுவனவாகையால் அவற்றை ஒவ்வொன்றாக மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். அழிந்தது இலங்கையரின் குருதியில் இருந்த ஒட்டுண்ணியே. அதனைக் காவும் நுளம்பு அழியவில்லை, அது பெருகும் இடமும் அழியவில்லை. ஆதலால் ஆற்றங்கரை நகரொன்றில் மலேரியாத் தடை என்பது வைத்தியரின் பொறுப்பு மட்டுமன்று. ஆற்று நீரை ஆள்வோரின் பொறுப்புமாகும். இவ்விரண்டாவது பொறுப்பை ஏற்க இதுவரை எவரும் முன்வரவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

1. "அழுக்கே மலேரியாவுக்குக் காரணம்"

முதலாவது எண்ணம் மிகப் பழையது. நோய் என்றாற் சேரியும், சேரி என்றால் அழுக்கும், அழுக்கு என்றால் அங்கு வாழ்வோரின் சோம்பலும் நம் நடுத்தர வர்க்கத்தின் நினைவுக்கு வருகின்றன. டெங்குக் காய்ச்சல் பரவத் தொடங்கிய பின்னர் இவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றது. முற்றத்தைக் கூட்டுங்கள், சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள் என்னும் அறிவுரை டெங்குக்குப் பொருந்தும். அதே அறிவுரையை மலேரியாவுக்கும் எடுத்துரைப்போர் நுளம்புகள் யாவும் ஒன்றே என எண்ணுகின்றனர்.

நுளம்புகள் யாவும் ஒன்றல்ல. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பு கழிவுநீர் வாய்க்காலிலும் மலக்குழியிலும் பெருகுவது. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு வீட்டைச் சூழ்ந்த சிறு கொள்கலங்களில் முட்டையிடுவது. ஆனால் இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பாகிய அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ், அழுக்கு நீரை நாடுவதில்லை. வெயில் படும் தெளிந்த நீரையே அது விரும்புகின்றது. மணலுக்கும் பாறைக்கும் இடையே தங்கிய ஆற்றுக்குட்டை, மாணிக்கக் கல் அகழ்ந்தெடுத்து மூடாது விட்ட குழி, நீர்ப்பாசன வாய்க்காலின் ஓரத் தேக்கம் ஆகியவையே அதன் தொட்டில்கள். குனிந்து அள்ளிக் குடிக்கலாம் என நமக்குத் தோன்றும் நீரிலேதான் அதன் குடம்பிகள் வாழ்கின்றன.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாது? கரையோரத்துக் குடிசைவாசி தன் முற்றத்தை நாளுக்கு மூன்று முறை கூட்டினாலும், அவன் குடிசைக்குக் கீழேயுள்ள ஆற்றுப்படுக்கையில் நூறு குட்டைகள் இருக்குமாயின் அவன் மலேரியாவிலிருந்து தப்பப்போவதில்லை. அக்குட்டைகளை அவன் உண்டாக்கவில்லை. அவற்றை அகற்றும் அதிகாரமும் அவனுக்கு இல்லை. தன்னாலே தடுக்க முடியாத ஒன்றுக்கு ஒருவனைப் பொறுப்பாளியாக்குவதும், அதனைத் தடுக்க வல்லவரைப் பற்றி வாய் திறவாதிருப்பதும் சுகாதாரக் கல்வி ஆகா. அது வறியவன் மேற் பழி சுமத்தும் வழக்கத்தின் இன்னொரு வடிவமேயாம்.

2. "மழையே மலேரியாவுக்குக் காரணம்"

இரண்டாவது எண்ணம் முதலாவதைப் போன்று தீய உள்நோக்கம் உடையதன்று. ஆனால் அதனால் விளையும் கேடு குறைவன்று. மழை பெய்தால் நீர் தேங்கும், நீர் தேங்கினால் நுளம்பு பெருகும், நுளம்பு பெருகினால் மலேரியா வரும் என்பது எவருக்கும் எளிதில் விளங்கும் தருக்கம். வடகீழ்ப் பருவக்காற்று மழையை நம்பி வாழும் உலர் வலயத்துக்கு இத்தருக்கம் பெருமளவு பொருந்தியது. அங்கே மாரி மழைக்குப் பின்னரே காய்ச்சற் காலம் தொடங்கிற்று. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றினால் நீர் பெறும் ஆறுகளின் கரையிலே, கண்டியையும் கம்பளையையும் போன்ற நகரங்களில், நிலைமை இதற்கு நேர்மாறானது.

மழை ஒழுங்காகப் பெய்யும் ஆண்டில் மகாவலி இரு கரையும் தொட்டு ஓடுகின்றது. ஓடும் நீரில் அனோபிலிஸ் குடம்பி நிலைக்காது. வெள்ளம் அதனை அடித்துச் சென்றுவிடும். மழை பிழைக்கும் ஆண்டிலேதான் ஆறு மெலிந்து துண்டுபட்டு, ஓடும் நீர் நிற்கும் நீராகின்றது. மழை அல்ல, மழையின்மையே ஈரவலய ஆற்றங்கரைகளில் மலேரியாவின் முன்னறிவிப்பாகும்.

இதற்கு 1934 ஆம் ஆண்டைக் காட்டிலும் கொடிய சான்று வேண்டியதில்லை. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா, களனி கங்கை முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. ஆண்டின் இறுதியிற் கேகாலை, குருநாகல் மாவட்டங்களிலே தொடங்கிய கொள்ளைநோய் 1935 இலும் நீடித்து ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. அப்போது நாட்டின் குடித்தொகை ஐம்பது இலட்சத்தைச் சற்றே கடந்திருந்தது என்பதை நினைவுகூர்ந்தால் அந்த எண்ணின் கனம் விளங்கும். நோய் பன்னெடுங்காலம் நிலைகொண்டிருந்த உலர் வலயத்தில் அன்றி, நோய்க்குப் பழக்கப்படாத, எதிர்ப்பாற்றலற்ற ஈரவலயத்துக் கிராமங்களிலேயே சாவு மிகுந்தது. பயிர் அழிந்து பட்டினி கிடந்த உடல்களையே காய்ச்சல் முதலில் வீழ்த்திற்று.

அக்காலத்திற் கொயினாக் கலவையுடன் உணவையும் ஏந்திக்கொண்டு கிராமங்களுக்குச் சென்ற சூரிய மல் இயக்கத்து இளைஞர்கள், மருந்தினால் மட்டும் இந்நோய் தீராது என்பதைக் கண்ணாரக் கண்டனர். அவர்களுட் பலர் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியதும், 1936 இல் என். எம். பெரேரா ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானதும் தற்செயல் நிகழ்ச்சிகள் அல்ல. ஒரு காய்ச்சல் இந்நாட்டின் அரசியலையே புதிய பாதையிற் செலுத்திற்று. அக்காய்ச்சல் வற்றிய ஆறுகளிலிருந்து புறப்பட்டது.

1934 இல் ஆற்றை வற்றச் செய்தது இயற்கை. அரை நூற்றாண்டுக்குப் பின்னர் அதே வேலையை நாமே திட்டமிட்டுச் செய்தோம். பொல்கொல்லையில் 1976 இல் மகாவலி திசை திருப்பப்பட்டது. துரித மகாவலித் திட்டத்தின் கீழ்க் கொத்மலை, விக்டோரியா அணைகள் எண்பதுகளின் நடுப்பகுதியில் நிறைவுற்றன. மின்சாரமும் பாசனமும் நாட்டுக்குத் தேவை என்பதை எவரும் மறுக்கார். ஆயினும் கொத்மலை அணைக்குக் கீழே ஆற்றின் இயல்பான ஓட்டம் மட்டுப்பட்டதும், முன்னர் மலேரியா அரிதாயிருந்த மலைநாட்டு ஆற்றங்கரைகளிற் படுக்கைக் குட்டைகள் பெருகிக் காய்ச்சல் பரவிற்று. நாடு முழுவதும் 1987 இல் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட நோய்ச் சம்பவங்கள் பதிவாயின. அவை யாவும் அணைகளின் விளைவு எனக் கூறுவது மிகையாகும். ஆனால் அணையின் கொங்கிறீற்றையும் மின்னுற்பத்தியின் அளவையும் இறுதி இலக்கம் வரை கணித்த திட்டத்தில், கீழ்ப்புறத்துக் குட்டையிற் பிறக்கப்போகும் நுளம்புக்கு மட்டும் நிரல் ஒதுக்கப்படவில்லை என்பது மிகையன்று. வானம் பொய்த்தால் அதனை விதி என்று ஆறுதல் கொள்ளலாம். மதகை மூடியவர் மனிதராயின் அதனை விதி எனலாகாது.

3. "மருந்து தெளித்தாற் போதும்"

மூன்றாவது எண்ணம் தொழில்நுட்பத்தின் மேல் வைத்த அளவிறந்த நம்பிக்கையின் பாற்பட்டது. இது ஓர் உண்மையிலிருந்து பிறந்தமையால் இதனை மறுப்பதில் நிதானம் தேவை. இரண்டாம் உலகப் போரின் முடிவையொட்டி இந்நாட்டிலே டி.டி.ரி. தெளிக்கப்படலாயிற்று. ஆயிரம் பேருக்கு 1946 இல் ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947 இல் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சியில் டி.டி.ரி. பெற்ற பங்கு எவ்வளவு என்பது பற்றிப் பீற்றர் நியூமன், எஸ். ஏ. மீகம போன்ற ஆய்வாளரிடையே நெடிய வாதம் நிகழ்ந்தது. உணவு நிலை உயர்ந்தமையும் வைத்தியசாலைகள் பெருகியமையும் இதிற் பங்கு கொண்டன என்பதை மீகம வற்புறுத்தினார். பங்கின் அளவு எதுவாயினும் டி.டி.ரி. உயிர்களைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

பின்னர் நிகழ்ந்தது யாது? 1963 இல் நாடு முழுவதிலும் பதினேழே மலேரியா நோயாளர் காணப்பட்டனர். வெற்றி கிட்டியது என முடிவு செய்யப்பட்டது. தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. ஐந்தாண்டுகள் கழியுமுன் மழை பிழைத்தது. எலஹெரப் பகுதியின் மாணிக்க அகழ்வுக் குழிகளைச் சூழ்ந்து நோய் மீண்டும் தலைதூக்கிற்று. 1969 இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட சம்பவங்கள் பதிவாயின. பதினேழிலிருந்து ஐந்து இலட்சத்துக்குச் செல்ல ஆறே ஆண்டுகள் போதுமாயிருந்தன. மீண்டும் டி.டி.ரி.யை எடுத்தபோது நுளம்பு அதற்கு எதிர்ப்பாற்றல் பெறத் தொடங்கியிருந்தது. எழுபதுகளில் மலத்தியன் வந்தது. அதன்பின் வேறு மருந்துகள் வந்தன. மருந்தை மாற்றிக்கொண்டேயிருந்தோம். குட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஆற்று நீரைக் கொண்டே ஆற்று நுளம்பைக் கட்டுப்படுத்தலாம் என்பது கற்பனையன்று. நுளம்பின் முட்டை சிறகு பெற்றுப் பறப்பதற்கு ஒரு கிழமையேனும் வேண்டும். அக்காலத்துக்குள் ஒருமுறை வலுவான நீரோட்டம் குட்டைகளைக் கழுவிச் செல்லுமாயின் ஒரு தலைமுறை நுளம்பு பிறவாமலே போய்விடும். மேற்புறத்திற் சிறு நீர்த்தேக்கம் அமைத்து, அது நிரம்பியதும் தானாகவே நீரை வெளியேற்றும் முறை பூச்சிகொல்லிகளின் காலத்துக்கு முன்னரே இலங்கையிற் கையாளப்பட்டது. தொண்ணூறுகளிலே ஹுருலு வெவ நீரேந்து பகுதியில், யான் ஓயாவின் மேற்பகுதியில் நிகழ்ந்த ஆய்வுகள், வாய்க்காலில் நீரை விடும் காலத்தையும் அளவையும் மாற்றியமைப்பதாற் கியூலிசிபேசிஸ் பெருக்கத்தைக் குறைக்கலாம் என்பதை எடுத்துக்காட்டின. அவ்வாய்வுகளிற் பங்குகொண்ட பீலிக்ஸ் அமரசிங்க நமது பேராதனை விலங்கியற்றுறையிற் பணியாற்றியவர். யான் ஓயாவில் ஆராயப்பட்ட நீரும் மகாவலியிலிருந்து போவத்தென்னை வழியாக அனுப்பப்பட்ட நீரே. கண்டிக்குக் கீழிருந்து திருப்பப்பட்ட நீரைக் கொண்டு உலர் வலயத்திற் கற்ற பாடத்தைக் கண்டிக்கு மேலே இதுவரை நாம் படிக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு வலிய மறுப்பை எதிர்கொள்ளவேண்டும். 1999 இல் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த மலேரியாச் சம்பவங்களைப் பதின்மூன்று ஆண்டுகளிற் பூச்சியத்துக்குக் கொணர்ந்தவர் எந்த ஆற்றையும் கழுவவில்லையே என ஒருவர் வினவலாம். இவ்வினா நியாயமானது. அவ்வெற்றி, காய்ச்சல் கண்டோரைத் தேடிச் சென்று குருதியைப் பரிசோதித்து, ஒட்டுண்ணி கண்ட ஒவ்வொருவருக்கும் முழுமையாகச் சிகிச்சையளித்து, நோய் மிகுந்த இடங்களைத் தெரிந்து மருந்து தெளித்து, நீண்டகாலம் பயன்தரும் நுளம்பு வலைகளை வழங்கியதன் பயனே. வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்த ஆண்டுகளிற்கூட மருந்தும் ஊழியரும் முன்னரங்குகளைக் கடந்து சென்றமை இந்நாட்டின் பொதுச் சுகாதார வரலாற்றிலே பெருமைக்குரிய அத்தியாயமாகும்.

ஆனால் அவ்வெற்றியின் தன்மையை நோக்குக. அது மனிதனின் குருதியிலிருந்து ஒட்டுண்ணியை அகற்றிய வெற்றி. குருதிப் பரிசோதனை ஒரு வேலி. ஆற்றுப் படுக்கையின் நிருவாகம் மற்றொரு வேலி. முதல் வேலியைக் கட்டி வென்றோம். அதனால் இரண்டாவது வேலி வேண்டியதில்லை என்பது, இருமுறை கள்வர் புகுந்த வீட்டுக்காரன் முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைப்பதை ஒக்கும். முதல் வேலியோ மனித விழிப்பினால் மட்டுமே நிற்பது. நுணுக்குக்காட்டியின் முன் அமரும் தொழில்நுட்பவியலாளர் ஓய்வுபெற்று அவரிடத்துக்கு ஆள் நியமிக்கப்படாதபோது, மலேரியா நோயாளரை ஒருமுறையேனும் காணாத இளம் வைத்தியர் காய்ச்சலைக் கண்டதும் டெங்கை மட்டுமே நினைக்கும்போது, அவ்வேலி எவ்வித ஓசையுமின்றிச் சாய்கின்றது. 1963 இற் சாய்ந்ததும் அவ்வாறே.

4. "வெளியாரே மலேரியாவைக் கொணர்கின்றனர்"

நான்காவது எண்ணம் இன்று வலுப்பெற்று வருவது. உள்நாட்டுத் தொற்று நின்றபின்னர் நாட்டிலே காணப்படும் நோயாளர் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்க நாடுகளிலிருந்தோ நோயுடன் வருவோரே என்பது உண்மை. 2018 டிசெம்பரில் மொனராகலைப் பகுதியில், இந்தியாவிலிருந்து தொழிலுக்கு வந்த ஒருவரிடமிருந்து இந்நாட்டவர் ஒருவருக்குத் தொற்றியமையும் உண்மை. ஆனால் இவ்வுண்மைகளிலிருந்து, அயலாரே நோய், அயலாரைத் தடுத்தால் நோய் தடைப்படும் என்னும் முடிவுக்குப் பாய்வோர் வரலாற்றை அறியாதவர்.

இத்தகைய முடிவின் சுமையை நமது மலையகத்து முன்னோர் அறிவர். தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமிலே அடைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட காலத்தில், அவர்களின் உடல் நோயின் பொதியாகவே கருதப்பட்டது. ஆனால் 1934 இன் பேரழிவை எந்தக் கப்பலும் கொணரவில்லை. வற்றிய ஆறும் பசித்த வயிறுமே அதனைக் கொணர்ந்தன.

நோயுடன் வருபவர் குற்றவாளி அல்லர், நோயாளர். அவரைக் குற்றவாளியாக்கினால் அவர் காய்ச்சலை மறைப்பார். மறைக்கப்பட்ட காய்ச்சலே பரவுவது. எல்லைக்கு அப்பாலிருந்து ஒட்டுண்ணி வருவதை உலகின் எந்த நாடும் முற்றாகத் தடுத்ததில்லை. இங்கு வந்த ஒட்டுண்ணிக்கு ஏற்ற நுளம்பும், அந்நுளம்புக்கு ஏற்ற குட்டையும் காத்திருக்கின்றனவா என்பதே வினா. வந்தவனைக் குறை கூறுவது எளிது. வரவேற்கக் குட்டையை ஆயத்தமாக வைத்திருப்பவர் யார் எனக் கேட்பது கடினம். கடினமான வினாவைத் தவிர்ப்பதற்காகவே எளிய குற்றச்சாட்டு எழுகின்றது.

நகருக்குள் நுழைந்த புதிய நுளம்பு

மேலே கூறியவை பழைய நுளம்பைப் பற்றியன. 2016 இல் நாம் சான்றிதழ் பெற்ற அதே ஆண்டின் இறுதியில், மன்னாரிலே அனோபிலிஸ் ஸ்டீபென்சை என்னும் நுளம்பு முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் அது காணப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பிவரும் இனம் இது. கிணறும், நீர்த்தாங்கியும், கட்டட வேலைத்தலத்தின் தொட்டியும் இதன் இருப்பிடங்கள். கியூலிசிபேசிஸ் ஆற்றங்கரையிலே காத்திருந்தது. ஸ்டீபென்சையோ வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டது. மழை பிழைக்கும் ஆண்டில் ஆறு குட்டையாகும். அதே ஆண்டில் நகர மக்கள் நீரைச் சேமித்து வைப்பர். ஒரே வரட்சி இரு நுளம்புகளுக்கும் இடம் அமைத்துக் கொடுக்கும்.

இதன் ஆற்றலை அறிய ஆபிரிக்காவின் கிழக்குக் கரையை நோக்கலாம். ஜிபூட்டி நாட்டில் இந்நுளம்பு 2012 இற் கண்டறியப்பட்டது. 2013 இல் அங்கு பதிவான மலேரியாச் சம்பவங்கள் 27 மட்டுமே. 2020 இல் அவை 70,000 ஐக் கடந்தன. எதியோப்பியாவின் டிரே டாவா நகரில் 2022 இன் வரண்ட பருவத்திலே நோய் வெடித்தபோது, இந்நுளம்பே அதற்குக் காரணம் என ஆய்வாளர் காட்டினர். அந்நோயின் பிடியில் அகப்பட்டோருள் அந்நகரப் பல்கலைக்கழக விடுதி மாணவரும் இருந்தனர் என்பது இக்கட்டுரையை விடுதி அறையிலிருந்து வாசிப்போரின் கவனத்துக்குரியது. மலேரியா காட்டுக்கும் வயலுக்கும் உரிய நோய் என்னும் பழைய நம்பிக்கை இந்நுளம்பினால் முறிந்தது.

செய்ய வேண்டியது யாது?

மறுப்புடன் நின்றுவிடும் எழுத்து அரைகுறையானது. எனவே நாம் கோருவனவற்றையும் வெளிப்படையாகக் கூறுவோம்.

முதலாவதாக, அணையையும் மதகையும் ஆள்வோர் அவற்றின் கீழ்ப்புறத்து ஆற்றுப்படுக்கைக்கும் பொறுப்பேற்க வேண்டும். வரண்ட மாதங்களிற் கிழமைக்கு ஒருமுறை சில மணி நேரம் கூடிய அளவு நீரை விடுவது இயலுமா, எந்த அளவு நீர் எந்தெந்தக் குட்டைகளைக் கழுவும் என்பன அளந்து அறியத்தக்க வினாக்கள். கரையிலே துணி துவைப்போருக்கும் குளிப்போருக்கும் முன்னறிவித்தல் விடுத்து இதனைச் செய்து பார்க்கலாம். நீரை வீணாக்குவதாகும் என வாதிடுவோர், மின்னுற்பத்திக்கென நாளுக்கு நாள் ஏற்றியிறக்கும் நீரின் நேரத்தை ஒழுங்குபடுத்துவதே பெரும்பாலும் போதுமா என்பதை முதலில் ஆராயட்டும். ஆராயாமலே முடியாது என்பது பொறியியல் ஆகாது.

இரண்டாவதாக, ஆற்று மணலும் மாணிக்கமும் அகழ அனுமதி வழங்குவோர், குழியை மூடும் கடமையை அனுமதியின் பகுதியாக்கி, மூடப்பட்டமையை நேரிற் கண்டபின்னரே அதனைப் புதுப்பித்தல் வேண்டும். பொருள் ஒருவனுக்கும் குழி ஊருக்கும் என்பது நீதியன்று.

மூன்றாவதாக, காய்ச்சலுடன் வரும் எவரிடமும் அண்மையில் எங்கே பயணம் செய்தீர் என வினவுவது வைத்தியரின் பழக்கமாதல் வேண்டும். மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்வோருக்கு மலேரியாத் தடை இயக்கம் தடுப்பு மருந்தை இலவசமாகவே வழங்கி வருகின்றது. இதனை அறிந்தோர் நம் மாணவரிடையே எத்தனை பேர்? ஆய்வுக்கும் வேலைக்கும் புறப்படுவோரை வழியனுப்பும் பல்கலைக்கழகம் இச்செய்தியையும் சொல்லி அனுப்ப வேண்டாமா?

நான்காவதாக, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வீடுகளைக் கொண்ட நமது சங்க உறுப்பினர் விடுமுறையில் ஊர் செல்லும்போது தத்தம் கிணற்றையும் நீர்த்தாங்கியையும் பார்க்கட்டும். மூடக்கூடியதை மூடுக. மூட இயலாத கிணற்றிற் குடம்பியை உண்ணும் சிறு மீனை விடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் வழி கூறுவார். முதலாம் பகுதியிலே, தன்னாலே தடுக்க முடியாததற்கு ஏழையைக் குறை கூறலாகாது என்றோம். தன்னாலே தடுக்கக்கூடியதைச் செய்யாதிருக்கும் உரிமை அதனால் எவருக்கும் கிட்டிவிடாது.

இறுதியாக, இப்பல்கலைக்கழகத்தின் மேலும் ஒரு கடமை உண்டு. மகாவலியின் இரு கரையிலும் பரந்து கிடக்கும் இவ்வளாகத்திலே மருத்துவபீடம் உண்டு, விஞ்ஞானபீடம் உண்டு, பொறியியற்பீடம் உண்டு. நுளம்பை அறிந்தவரும், நீரோட்டத்தைக் கணிக்க வல்லவரும், குருதியிலே ஒட்டுண்ணியை இனங்காண்பவரும் ஒரே பாலத்தைக் கடந்து நாள்தோறும் செல்கின்றனர். அவர்கள் மூவரும் ஒன்றுகூடிப் பாலத்துக்குக் கீழேயுள்ள குட்டைகளை ஒரு வரண்ட பருவம் முழுவதும் எண்ணி, ஆராய்ந்து, அதன் முடிவைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆற்றங்கரை மக்களுக்கு எடுத்துரைப்பாராயின், அது பல பட்டமளிப்பு விழாக்களினும் பயனுடையதாகும்.

1963 இல் நமக்கு முந்திய தலைமுறை வெற்றியைக் கொண்டாடிவிட்டு உறங்கிற்று. அதற்குச் சான்றிதழ் இருக்கவில்லை. பதினேழு என்னும் எண் மட்டுமே இருந்தது. நம்மிடம் சான்றிதழும் உண்டு, பூச்சியம் என்னும் எண்ணும் உண்டு, அவர்களின் உறக்கம் தந்த பாடமும் உண்டு. அவர்கள் அறியாமையினாற் பிழைத்தனர் எனலாம். நாம் பிழைத்தால் அவ்வாறு கூற எவருக்கும் வாய்ப்பிராது. அடுத்த வரட்சி எப்போது வரும் என்பதை எவரும் அறியார். அது வரும்போது மகாவலியின் குட்டைகள் எவ்வாறு இருக்கும் என்பதை இன்றே நாம் தீர்மானிக்கலாம்.